மயக்கத்துக்கு முன் ஒரு கை அரிசி

முட்டுக்காட்டில் தூண்டில் போடுகிறவர்கள் அறுத்தெறிந்த முள் ஒன்று என் கோழியின் பாதத்தில் ஏறிவிட்டது. அம்மாவுக்கு ஞாயிற்றுக்கிழமைக் குழம்பு நினைவுக்கு வந்திருக்கும். மூன்றாம் வகுப்பு படித்த நான் அழுத அழுகையில், நாவலூரில் நாய், பூனை பார்க்கும் டாக்டரம்மாவிடம் போனோம்.

"மயக்கம் கொடுத்துத்தான் எடுக்கணும். நாளைக்கு வாங்க. காலையில இரை வைக்காதீங்க, மயக்கத்துல கக்கினா மூச்சுக்குழல்ல போயிடும். உயிருக்கே ஆபத்து."

ஆஸ்பத்திரிக்குப் போகும் யாரையும் எங்கள் வீட்டில் வெறும் வயிற்றோடு அனுப்புவதில்லை. ரத்தப் பரிசோதனைக்குக் கிளம்பிய பெரியப்பாவுக்கே இட்லி வைத்து அனுப்பிய வம்சம். மறுநாள் காலை கோழி என்னைப் பார்த்த பார்வையில் கரைந்துபோனேன். அம்மா குளிக்கப் போனதும் ஒரு கை அரிசி போட்டேன். கொஞ்சம்தானே, ஒன்றும் ஆகாது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

கூடையோடு அம்மாவும் நானும் பஸ்ஸில் போய் இறங்கினோம். சிறுசேரியில் கம்பெனி வேன் ஓட்டும் மாமா, ராத்திரி டிரிப்பை முடித்துவிட்டு நேராக அங்கே வந்திருந்தார்.

டாக்டரம்மா கோழியின் கழுத்தடியை விரலால் தடவியதும் அவர் முகம் மாறியது.

"இரைப்பை நிறைய அரிசி இருக்கு. யார் போட்டது?"

நான் அம்மாவின் முதுகுக்குப் பின்னால் நகர்ந்தேன். என் கோழியை நானே கொல்லப் பார்த்திருக்கிறேன்.

"நான்தான் மேடம். பாவமா கீதேன்னு போட்டுட்டேன்," என்றார் மாமா.

அம்மா ஏதோ சொல்ல வாயெடுத்தாள். மாமாவைப் பார்த்துவிட்டு மூடிக்கொண்டாள்.

இரைப்பை காலியாகும்வரை காத்திருந்தோம். டாக்டரம்மா நடுநடுவே வந்து தடவிப் பார்த்தார். மதியத்துக்கு மேல்தான் அலகில் வாயுக் குழாய் மாட்டிய சின்ன மூடியை வைத்து மயக்கம் கொடுத்தார். உதவிக்கு இருந்த அக்கா கோழியின் நெஞ்சிலேயே கண் வைத்திருந்தார். முள்ளை எடுத்தபின் துண்டில் சுற்றி, தலையை நிமிர்த்தி, அது விழிக்கும்வரை டாக்டரம்மா மடியிலேயே வைத்திருந்தார். கோழி கண்ணைத் திறந்தபோது நான் ஓவென்று அழுதேன்.

வேனில் திரும்பும்போது எனக்குத் தைரியம் வந்துவிட்டது.

"இன்னா மாமா நீ, அறிவு கீதா? செத்துப் போயிருந்தா?"

"தப்புதான் கண்ணு. இனிமே போட மாட்டேன்."

அம்மா ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். நான் போட்டது ஒரே ஒரு கை, ஆபத்தெல்லாம் மாமா போட்டதால் வந்தது என்று முழு மனதோடு நம்பி, வீடு வரும்வரை அவரைத் திட்டிக்கொண்டே வந்தேன். விடியவிடிய வண்டி ஓட்டிய மனிதர் எங்கள் வீட்டுக்கு எப்போது வந்து அரிசி போட்டிருப்பார் என்று யோசிக்க எனக்கு அன்றைக்குத் தோன்றவே இல்லை.