இரண்டாம் பாகத்தின் பேய்

ஆம்பூரில் ஷூ கம்பெனியில் தையல் லைனில் இருக்கும் நான் ஒரு படத்தில் பேயாக நடித்தேன். அதுவும் இரண்டாம் பாகத்தில். முதல் பாகத்துப் பேய் கல்யாணமாகி வாலாஜாபேட்டைக்குப் போய்விட்டதால் என்னைக் கூப்பிட்டார்கள். இயக்குநர் கல்யாண வீடியோ எடுப்பவர், என்னைவிட இளையவர். தியேட்டரெல்லாம் கிடையாது, நேராக யூடியூப்தான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, மூடிக் கிடந்த ஒரு தோல் பதனிடும் ஷெட்டில் கடைசிக் காட்சி. கதாநாயகன், எங்கள் கம்பெனியில் கட்டிங் பிரிவில் இருக்கும் அண்ணன். பேய் அவரைத் தோல் ஊறவைக்கும் தொட்டிக்குள் இழுத்துப் போட வேண்டும். அதற்காக அவருடைய சட்டைக்குள், அக்குளுக்குக் கீழே சுற்றி, நைலான் கயிறு கட்டியிருந்தார்கள்.

தொட்டி ஆள் உயரத்துக்கு மேல் ஆழம். அடியில் மழைத் தண்ணீரும் பழைய கசடும். கயிற்றின் மறுமுனை மேலே எங்கள் பக்கம் கிடக்க, ஏணியில் இறங்கிய அண்ணன், காலால் கசடை ஒதுக்கி, "நாத்தம் ஜாஸ்தியா இருக்குப்பா, சீக்கிரம் எடு" என்றபடி சுவரில் சாய்ந்து உட்கார்ந்தார். கண்ணைத் திறந்து வைத்துச் செத்தவர்போல நடிக்க வேண்டும். மேலிருந்து முடியை விரித்துக்கொண்டு நான் எட்டிப் பார்த்தேன்.

"கட்! செம அண்ணா, எழுந்திரு."

அண்ணன் எழவில்லை.

"நல்லா நடிக்கிறாருக்கா" என்று சிரித்தார் இயக்குநர்.

அண்ணனின் கண்கள் மூடியிருந்தன. தலை தொங்கிவிட்டது.

"தம்பி, அது நடிப்பு இல்ல!"

இயக்குநர் ஏணியில் கால் வைத்தார். அவர் சட்டையைக் கொத்தாகப் பிடித்து இழுத்தேன்.

"வுடுக்கா, செத்துடுவாரு!"

"இறங்குனா நீயும் செத்துடுவ! விஷக்காத்து! கயித்த இழு!"

எங்கள் தெருக்காரர் ஒருவர், தொட்டிக்குள் இப்படி மயங்கியவரைத் தூக்க இறங்கி, இருவருமே பிணமாகத்தான் வந்தார்கள். அது அந்த நேரத்தில் நினைவுக்கு வந்தது.

இயக்குநர், லைட் பிடித்தவர், நான். மூன்று பேரும் இழுத்தோம். முதலில் அசையவே இல்லை. உள்ளங்கைத் தோல் உரிந்தது. சுவரில் உரசி உரசி மேலே வந்தார். வெளியே வெயிலில் கிடத்தினோம். உதடு நீலம். மூச்சு மட்டும் இழைபோல ஓடியது.

வேனில் என் மடியில் தலை. பாதி வழியில் இருமினார், வாந்தி எடுத்தார், கண்ணைத் திறந்தார். மாவு பூசிய என் முகத்தைப் பார்த்து அலறினார். நான் ஓவென்று அழுதேன்.

மூன்று நாள் வேலூரில் ஆஸ்பத்திரி. அன்று ஷெட்டில் அவரை மேலே இழுத்த நேரம் முழுக்க கேமரா ஓடியிருந்தது. வார்டு வாசலில் இயக்குநர் தயங்கித் தயங்கி, "அண்ணி, அந்த ஷாட்டு..." என்று ஆரம்பித்தார்.

"என் வீட்டுக்காரரு உசுருக்குப் போராடுறத ஊரே பாக்கணுமா?" என்றார் அண்ணனின் மனைவி. அவர் முன்னாலேயே இயக்குநர் அதை அழித்தார்.

படம் வந்தது. கதாநாயகன் ஷெட்டுக்குள் நுழைகிறார், அதோடு முடிகிறது. "அந்த ஆளு இன்னா ஆனான்?" என்று கீழே கமெண்டில் யாரோ கேட்டிருந்தார்கள்.

அண்ணனே பதில் போட்டிருந்தார்: "நல்லா இருக்கேன். திங்கக்கிழமைலேர்ந்து வேலைக்குப் போறேன்."