ஆமை: இல்லை

கன்வேயர் பெல்ட் அறுக்கும் கத்தி ஒன்று என் மேசை இழுப்பறையில் கிடக்கிறது. அதைப் பார்க்கும்போதெல்லாம் எங்கள் காண்ட்ராக்ட் கம்பெனி மேனேஜர் நினைவுக்கு வருவார். மரியாதையோடு அல்ல. நெய்வேலி நிலக்கரிச் சுரங்கத்தில் பெல்ட் ஒட்டுவது எங்கள் வேலை. கழுத்தில் பைனாகுலரை மாலை மாதிரி தொங்கவிட்டுக்கொண்டு கடலைக் காப்பாற்றுவது அவர் வேலை. மாதம் ஒரு ஞாயிறு டவுன்ஷிப் குடும்பங்களை வேனில் ஏற்றிக் கடலூருக்குக் கூட்டிப்போய், படகில் டால்பின் காட்டுவார். கூடவே நான், வாலன்டியர். அகராதியில் அந்தச் சொல்லுக்கு என்ன பொருளோ, எங்களிடத்தில் மேனேஜர் பட்டியலில் பெயர் எழுதினால் மறுபேச்சில்லாமல் வருகிறவன் என்று பொருள். அடுத்த வருடமும் காண்ட்ராக்டில் என் பெயர் இருக்க வேண்டுமே.

மனுஷனுக்கு ஒரு பழக்கம். ஷிப்ட் தொடங்குமுன்பே ஷிப்ட் ரிப்போர்ட்டை எழுதி முடித்துவிடுவார். கடலையும் அப்படித்தான் நடத்தினார். ஒரு ஞாயிறு காலை, போகும் வழியில் குறிஞ்சிப்பாடி டீக்கடையில் வேன் நின்றபோதே, கடலில் பார்த்ததை எழுதும் படிவத்தை நிரப்பினார்: முதல் ஷிப்ட், டால்பின் ஆறு, வலையில் சிக்கிய ஆமை இல்லை, ஆல் நார்மல்.

"வாலன்டியர் கையெழுத்துப் போடுய்யா, டீ ஆறுது" என்றார். போட்டேன். அதைப் படமெடுத்து அவருடைய கடல் ஆர்வலர் குழுவுக்கு அனுப்பியும்விட்டார். கடலை இன்னும் கண்ணால் பார்க்கவில்லை, வெட்கங்கெட்ட ஜென்மம்.

டால்பின் ஒன்றுகூட வரவில்லை. திரும்பும் வழியில் கிழிந்த வலையொன்று மிதந்தது. அதில் ஓர் ஆமை, கழுத்திலும் முன்துடுப்பிலும் நைலான் இறுகி, தலையைத் தூக்கித் தூக்கி மூச்சு வாங்கியது. படகுக்காரர் இன்ஜினை நிறுத்திவிட்டுக் கையால் பிய்த்துப் பார்த்தார். முடியவில்லை. சவாரிப் படகு, கத்தி வைத்திருக்கவில்லை.

"உசுரு இருக்குதுங்க சார். யார்கிட்டயாவது கத்தி இருந்தா குடுங்க, அறுத்து வுட்டுடுறேன்."

குடும்பங்கள் போனைத் தூக்கிப் படம் எடுத்தன. மேனேஜர் முகம் சுருங்கியது. "யாரும் படம் எடுக்காதீங்க. ஆமை இல்லேன்னு ரிப்போர்ட் போயிடுச்சு. நீ படக எடுப்பா."

"பாத்துகினு போறதுக்கா இம்மாந்தூரம் வந்தீங்க?" என்று கேட்டுவிட்டு, படகுக்காரர் கடலில் காறித் துப்பினார். பிறகு இன்ஜினைக் கிளப்பினார்.

இப்போது மேனேஜர் ஓய்வு பெற்று, நெய்வேலிக்குப் பக்கத்தில் வடக்குத்து கிராமத்தில் வீடு கட்டியிருக்கிறார். வாசல் கேட்டில் இரும்பில் ஓர் ஆமை செய்து வைத்திருக்கிறார். பள்ளிக்கூடங்களில் கடலைப் பற்றிப் பேசுகிறார், கைதட்டுகிறார்கள். அந்த வழியாகப் போகும்போதெல்லாம் வாய்க்கு வந்தபடி திட்டிக்கொண்டே போவேன். கேட்டைத் தாண்டியதும் திட்டு நின்றுவிடும், ஏனென்றால் அடுத்து என் முறை.

அந்த ஞாயிறுக்கு மறு வருடமும் காண்ட்ராக்டில் என் பெயர் இருந்தது. சிறந்த வாலன்டியர் என்று ஒரு சான்றிதழும் கொடுத்தார். அதைக் கிழித்துப் போட்டாயிற்று. இந்தக் கத்தியைத்தான் என்ன செய்வதென்று தெரியவில்லை. சனிக்கிழமை ஷிப்ட் முடிந்து எடுத்து வைக்க மறந்த கத்தி. அன்று படகில், படகுக்காரர் கேட்டபோது, என் பேன்ட் பையில்தான் இருந்தது.