பருப்புச் சட்டியுடன் விழும் காட்சி

எங்கள் நகைச்சுவைத் தொடர் நான்கு பகுதிகளோடு நின்றுபோனது. ஈழப் போர்க்காலத்தில் இயக்கத்தின் சமையல் முகாம் ஒன்றில் இருக்கும் மூன்று பெண்களின் கதை. யூடியூபில் போட்டோம். டைரக்டர் வார நாட்களில் வீட்டுக்கடன் முகவர். கனடாவில், பிக்கரிங்கில் இருந்த அவருடைய வீட்டுப் பின்வளவுதான் எங்கள் வன்னிக் காடு. முதல் பகுதியை ஏப்ரலில் எடுத்தோம். காட்டில் பனி தூறியது. பத்திரிகையில் மற்றவர்கள் எழுதியதை வெட்டிக் குறைத்துப் பழகியவர் என்று சொல்லி, வசனம் எழுதும் வேலையை என்னிடம் தந்தார்கள்.

நடித்த மூவரில் இருவர் இங்கே பிறந்த பிள்ளைகள். மூன்றாமவர் மல்வேர்னில் இருந்து பஸ்ஸில் வருவார். பாண் சுடும் தொழிற்சாலையில் வேலை. உண்மையிலேயே இயக்கத்தில் இருந்து, முகாமில் சமைத்தவர். அவரைவிட வயதில் மூத்த நானும் அவரை அக்கா என்றே கூப்பிட்டேன்.

ஏன் நடிக்க வந்தீர்கள் என்று முதல் நாள் கேட்டேன்.

"விழாவுக்குக் கூப்பிட்டு முன்வரிசையில இருத்தி வைக்கினம். சால்வை போடினம். என்னைக் கண்ட உடனை சனத்தின்ர முகம் செத்துப்போகுது. நாங்கள் அங்க விட்ட பகிடி ஒருத்தருக்கும் தெரியாது."

பிறகு ஒரு கதை சொன்னார். சமையல் கொட்டிலுக்கு முன்னால் பதுங்குகுழி ஒன்றைக் காலையில் அவரே வெட்டினார். மத்தியானம் பருப்புச் சட்டியைத் தூக்கிக்கொண்டு வரும்போது, வெட்டியதை மறந்து அதற்குள்ளேயே விழுந்தார். முகாமே சிரித்தது.

"உந்தக் காட்சி வருமெண்டாத்தான் நடிப்பன்," என்றார். அது நான்காம் பகுதியில் என்று முடிவாயிற்று.

முதல் பகுதி வெளியானதும் டைரக்டருக்குத் தொலைபேசி அழைப்புகள் வந்தன. போராளிகளைப் பகிடி பண்ணுகிறீர்களா என்று கேட்டார்கள். அவர் பயந்துவிட்டார். இங்கே நம்மவர்களின் எந்த நிகழ்ச்சியும் விளக்கேற்றி, போரில் இறந்தவர்களுக்கு ஒரு நிமிட அகவணக்கத்தோடுதான் தொடங்கும். அதையே இரண்டாம் பகுதியின் தொடக்கத்தில் வைத்தார். முழுப் பகுதியும் ஏழு நிமிடம். அதில் முதல் நிமிடம் சத்தமில்லாமல் எரியும் ஒரு விளக்கு. பலர் அந்த நிமிடத்திலேயே போய்விட்டார்கள். தங்கியவர்களுக்கு அதற்குப் பிறகு சிரிப்பு வரவில்லை. 'ஆழ்ந்த அனுதாபங்கள்' என்று ஒருவர் கீழே எழுதியிருந்தார். எங்கள் தொடருக்குக் கிடைத்த முதல் விமர்சனம் அது.

நான்காம் பகுதி எடுத்த அன்று ஸ்பொன்சர் வந்தார். ஸ்காபரோவில் வீடு விற்பவர். புல்தரையில் வெட்டியிருந்த குழியைச் சுற்றி, வாங்க வந்தவரைப்போல நடந்து பார்த்தார்.

"அக்கா, போராளி விழக்கூடாது."

"நான் விழுந்தனான், தம்பி."

"விழுந்திருப்பியள். ஆனா சனத்துக்குக் காட்டேலாது. ஆமிக்காரன் ஒருத்தனை விழப் பண்ணுவம்."

"அண்டைக்கு அங்க ஆமி வரேல்லை. பருப்புத்தான் வந்தது."

"உங்கட மரியாதைக்குத்தான் சொல்லுறன்."

"மரியாதையும் பருப்போட குழிக்குள்ளதான் போனது. அதையும் சேர்த்து எடுங்கோ."

தடுக்கி, ஆனால் விழாமல் நிமிர்வது என்று டைரக்டர் ஒரு சமரசம் சொன்னார். அக்கா சட்டியைக் கீழே வைத்துவிட்டுத் தன் கைப்பையைத் தேடினார். தன் பெயரைப் போட வேண்டாம் என்று சொல்லிவிட்டு ஸ்பொன்சரும் தன் காரை நோக்கி நடந்தார். டைரக்டர் இருவரையும் பார்த்தார். பிறகு குழியைப் பார்த்தார். சமையலறை ஜன்னலில் அவர் மனைவி நின்று புல்தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"வெட்டினது வெட்டியாச்சு," என்றார் டைரக்டர். "அக்கா, வந்து விழுங்கோ."

அக்கா விழுந்தார். சிரிக்கவேண்டிய பிள்ளைகள் இருவரும் ஓடிப்போய், "ஓ மை காட், அன்ரி, ஆர் யூ ஓகே?" என்று கைகொடுத்துத் தூக்கினார்கள். மறுபடி எடுத்தோம். மறுபடியும் தூக்கினார்கள்.

"தூக்காதேங்கோ பிள்ளையள்! சிரியுங்கோ!"

"எங்களால ஏலாது அன்ரி, இட்ஸ் சோ சாட்."

"என்ன சாட்? உள்ள கிடக்கிறது நான். எனக்கே சிரிப்பு வருது."

மூன்றாம் முறை அவர் குப்புற விழ, சட்டி அவருடைய தலையில் கவிழ்ந்தது. குழிக்குள் இருந்தபடியே மூக்கிலிருந்த பருப்பை வழித்து ருசி பார்த்து, "உப்புக் காணாது," என்றார். நான் எழுதாத வசனம். பிள்ளைகள் புல்லில் உட்கார்ந்து சிரித்தார்கள். கமரா ஆடியது. அதை அப்படியே வைத்துக்கொண்டோம். இந்தப் பகுதியின் தொடக்கத்தில் விளக்கு வேண்டாம் என்று அக்கா கேட்டார்; டைரக்டர் சம்மதித்தார். அது வெளியானபின் வந்த அழைப்புகளோடு தொடர் முடிந்தது.

அடுத்த கிழமை அக்கா என்னைத் தொலைபேசியில் கூப்பிட்டார். குரல் உயர்ந்திருந்தது. அந்த முகாமில் இருந்த ஒருத்தி இப்போது பிரான்சில் இருக்கிறாளாம். பல வருடங்களாகத் தொடர்பே இல்லை. வீடியோவைப் பார்த்து, எங்கேயோ இலக்கம் தேடி எடுத்திருக்கிறாள்.

"என்ன சொன்னவ?" என்று கேட்டேன்.

"கதைக்கவே ஏலாமச் சிரிச்சவள். பிறகு சொல்லுறாள், 'எடியே, நீ அண்டைக்குக் குப்புறவே விழுந்தனி? மல்லாக்கவெல்லே கிடந்தனி! வானத்தைப் பார்த்துக்கொண்டு சட்டியைக் கட்டிப் பிடிச்சிருந்தனி.' நான் இல்லையெண்டுறன், அவள் ஓமெண்டுறாள். ஒரு மணித்தியாலமாச் சண்டை."

"ஆர் சொன்னது சரி?"

"அவள்தான்," என்றார் அக்கா. "டைரக்டர் அண்ணையிட்டைக் கேளுங்கோவன், இன்னொருக்கா எடுப்பமெண்டு."

கேட்டேன். குழியை மூடிப் புதுப்புல் பதித்தாயிற்று என்றார் டைரக்டர்.