படிக்கட்டுக்குக் கீழே டி பிரிவு

கட்டாயக் கல்விச் சட்டத்தில் ஏழைப் பிள்ளைகளுக்கு ஒதுக்கும் இடத்தில், குலுக்கலில் பேர் வந்து, மயிலாப்பூரில் ஒரு தனியார் பள்ளியில் சேர்ந்தாள் என் மகள். பட்டினப்பாக்கத்தில் மீன் விற்கிற குடும்பம் எங்களுடையது. எங்கள் வீட்டில் அப்படியொரு பள்ளி வாசலை மிதித்த முதல் ஆள் அவள்தான்.

இரண்டாம் வகுப்பில் ஒருநாள், அவள் படிக்கிற டி பிரிவுப் பிள்ளைகள் மட்டும் படிக்கட்டுக்குக் கீழே உட்கார்ந்து சாப்பிட வேண்டுமாம் என்று வந்து சொன்னாள். மீன் வாடைதான் காரணம் என்று நானாகவே முடிவு கட்டிவிட்டேன். அந்த முட்டாள்தனத்தை நினைத்தால் இன்றும் என் மேலேயே எரிச்சல் வருகிறது. அன்று முதல் டிபன் டப்பாவில் மீன் கிடையாது. எலுமிச்சை சாதம், தயிர் சாதம்தான். டப்பாவைப் புளி போட்டுத் தேய்த்தேன். மீன் அரிந்த கையால் தலை வாரக் கூடாதென்று அந்த வேலையையும் வீட்டுக்காரரிடம் விட்டேன். அவர் பின்னிய சடை ஒன்று கிழக்கே பார்க்கும், இன்னொன்று மேற்கே பார்க்கும்.

அரை வருடம் இப்படியே போனது. ஒருநாள் அவள் மறந்துவிட்டுப் போன தண்ணீர் பாட்டிலைக் கொடுக்கச் சாப்பாட்டு நேரத்தில் போனேன். பெரிய ஹாலில் மற்ற பிரிவுப் பிள்ளைகள் மேசையில் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். ஒரு பையனின் டப்பாவில் வறுத்த கோழி. என் மகளோ படிக்கட்டடியில் தரையில் உட்கார்ந்து எலுமிச்சை சாதம் தின்றுகொண்டிருந்தாள். கூட இருந்த பதினோரு பேரும் அவளைப் போலக் குலுக்கலில் வந்தவர்கள். மீன் வாடை இல்லை, குலுக்கலில் வந்ததுதான் காரணம் என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது.

மறுநாள் தலைமையாசிரியையின் அறைக்குப் போனேன்.

"எங்க பசங்கள இன்னாத்துக்கு மேடம் தனியா வெச்சிக்கினு கீறீங்க?"

"அவங்களுக்கு இங்கிலீஷ் மெதுவாத்தான் வருதும்மா. அவங்க வசதிக்குத்தான்."

"சோறு துன்றதுக்கு இன்னா மேடம் இங்கிலீஷு? தனியா குந்த வெக்கக் கூடாதுன்னு சட்டத்துலயே எழுதிக்கீது."

அவர் குரல் இறங்கியது. "உங்க பொண்ணு நல்லாப் படிக்கிறா. அவள மட்டும் நாளைக்கே ஏ செக்‌ஷனுக்கு மாத்திடறேன். மத்தவங்ககிட்ட சொல்லிக்க வேணாம்."

பொய் சொல்வானேன், எனக்கு ஆசை வந்தது. 'சரி' என்ற வார்த்தை வாய்வரை வந்துவிட்டது.

"பன்னெண்டு பேரையும் மாத்துங்க. இல்லாங்காட்டி யாரையும் மாத்த வேணாம்" என்று சொல்லிவிட்டு வெளியே வந்தேன்.

அன்று மாலையே மற்ற அம்மாக்களின் வீட்டுக் கதவைத் தட்டினேன். அடுத்த நாள் சாப்பாட்டு மணி அடித்ததும் அம்மாக்கள் பன்னிரண்டு பேரும் பள்ளிக்குள் நுழைந்தோம். காவலாளி தடுக்கப் பார்த்தார். ரோட்டோரம் கடைக்கு இடம் பிடித்துப் பழகியவளிடம் அது நடக்குமா? பிள்ளைகளைக் கையோடு கூட்டிப் போய் ஹாலில் மேசை முன்னால் உட்கார வைத்தோம்.

என் மகள் மட்டும் உட்காராமல் என் புடவையைப் பிடித்துக்கொண்டாள். "அம்மா, மிஸ்ஸு திட்டுவாங்க. நம்ம எடத்துக்கே போயிடலாம்மா."

ஏழு வயதுப் பிள்ளைக்குப் படிக்கட்டடிதான் தன் இடம் என்று சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள்.

"இதாண்டி உன் எடம். குந்து" என்றேன். அவள் டப்பாவைத் திறக்கும்வரை நான் நகரவில்லை.

அடுத்த வாரம் டி பிரிவைக் கலைத்து, பிள்ளைகளை மற்ற வகுப்புகளில் சேர்த்தார்கள். வாசலில் என்னைப் பார்த்த தலைமையாசிரியை, "இப்ப சந்தோஷமாம்மா?" என்று கேட்டார். நன்றியை எதிர்பார்த்தார் போலிருக்கிறது.

"அந்த அரை வருசத்துக்கு எம்பொண்ணுகிட்ட மன்னிப்பு கேளுங்க மேடம். அப்பால சந்தோசப்படறேன்" என்றேன்.