சர்க்கரை இல்லாத டீ

உங்களுக்கு என்ன நோய்? தெருவில் நிற்கும் பத்துப் பேர் காதில் விழும்படி இப்போதே சொல்வீர்களா?

சென்னியம்மாளால் முடியவில்லை. ஜலகண்டாபுரத்தில் மருதாசலத்தின் விசைத்தறிக் கூடத்தில் தார்க்குச்சியில் நூல் சுற்றுகிறவள். லாரி ஓட்டிய கணவன் எச்.ஐ.வி. வந்து இறந்துபோனான். அதே கிருமியோடு அவள் சேலம் பெரிய ஆஸ்பத்திரி மாத்திரையைப் போட்டுக்கொண்டு திடமாக உழைத்தாள். மாதம் ஒருமுறை விடுப்புக் கேட்கும்போது, "சர்க்கரைக்குப் பாக்கப் போறனுங்க" என்பாள். வேலையும் வாடகை வீடும் அந்தப் பொய்யில்தான் நின்றன. பொய்க்குப் பொருத்தமாக டீயைக்கூடச் சர்க்கரை இல்லாமல் குடித்தாள்.

கொரோனா ஊரடங்கில் தறியும் நின்றது, பஸ்ஸும் நின்றது. தெருமுனையில் வேப்பிலைத் தோரணம் கட்டி மஞ்சள் தண்ணீர் தெளித்தார்கள். வேப்பிலையைப் பார்த்தால் கொரோனா திரும்பிப் போய்விடும் என்று நம்பிய அதே தெருதான், எச்.ஐ.வி. பக்கத்தில் உட்கார்ந்தாலே ஒட்டிக்கொள்ளும் என்றும் நம்பியது.

மாத்திரை தீரப்போகிறது. விட்டுவிட்டால் கிருமி மறுபடி தலையெடுக்கும், பிறகு அந்த மருந்துக்கே அடங்காமல் போகலாம். நடந்தாவது போய்விடலாம் என்று புறப்பட்டவளை ஊர் எல்லையில் போலீஸ்காரர் மறித்தார்.

"எங்கம்மா கிளம்பிட்ட?"

"சேலம் ஆஸ்பத்திரிக்குங்க. மாத்திரை வாங்கோணும்."

"என்ன மாத்திரை?"

திரும்பிப் பார்த்தாள். பின்னால் பைக்கில் மருதாசலம்.

"சர்க்கரைக்குங்க."

"அது இங்க கவர்மென்ட் ஆஸ்பத்திரியிலயே தராங்களே! ஊர் சுத்தறதுக்கு ஒரு நோவு. திரும்பு, திரும்பு."

"நம்ம ஆளுதானுங்க சார், நான் பாத்துக்கறேன்" என்றார் மருதாசலம். "ஏம்மா, எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?"

சாயங்காலமே சர்க்கரை மாத்திரையும் ஒரு பை கேழ்வரகும் வீடு தேடி வந்தன. அரிசி கொடுத்தால் சர்க்கரை ஏறிவிடுமாம்! நல்ல மனுஷன்தான். ஆனால் எச்.ஐ.வி. என்று சந்தேகப்பட்டே ஒருவனை வேலையை விட்டு நிறுத்தியவரும் அவர்தான்.

தூக்கம் போயிற்று. போன் அடித்தால் எடுக்கப் பயந்தாள். எச்.ஐ.வி. உள்ளோர் சங்கத்துக் கோகிலவாணி விடாமல் கூப்பிட்டாள்.

"அக்கா, மாத்திரைய நானே ஊட்டுக்குக் கொண்டாந்து தாரேன்."

"வேண்டாஞ் சாமி. நீ யாருன்னு கேப்பாங்க."

"மாத்திரை இருக்குதா?"

"தீந்துபோச்சு. தண்ணிக்குப் போனா கிணத்தையே பாத்துட்டு நிக்கறேன். எனக்கே பயமா இருக்குது."

"போனை வெக்காதீங்க. பேசிட்டே இருங்க."

மறுநாள் காய்கறி வண்டி ஒன்று தெருவுக்குள் வந்தது. அதற்கு மட்டும் எந்த எல்லையிலும் தடையில்லை. தராசோடு கோகிலவாணி நின்றாள். சென்னியம்மாள் பையை நீட்டியதும் பக்கத்து வீட்டு ஆராயி கத்தினாள்: "அவளுக்குப் பாவக்காயாப் பாத்துப் போடு கண்ணு, சர்க்கரைக்காரி!"

தெருவே சிரித்தது. அவளும் சிரித்தாள். பாகற்காய்க்கு அடியில் மாத்திரை இருந்தது.

தறி மறுபடி ஓடுகிறது. சென்னியம்மாள் இன்றைக்கும் சர்க்கரை இல்லாத டீதான் குடிக்கிறாள். மாத்திரை கிடைத்தது, அவ்வளவுதான். பொய்க்குள்ளிருந்து அவள் இன்னும் வெளியே வரவில்லை. வரவிடாதவர்கள் நாம்.

உங்களிடம் வேலை செய்கிறவர் ஆஸ்பத்திரிக்கு என்று விடுப்புக் கேட்டால், எதற்கு என்று கேட்காமல் அனுப்புங்கள். கூட வேலை செய்வதால், ஒரே டம்ளரில் குடிப்பதால் எச்.ஐ.வி. தொற்றாது என்று உங்களுக்குத் தெரிந்த மருதாசலத்திடம் நாளைக்கே சொல்லுங்கள். பத்துப் பேர் காதில் விழும்படி சொல்லுங்கள்.