பேக்கரி அடுப்பும் என் ஒப்படையும்

நாடே பெட்ரோலுக்கு வரிசையில் நின்ற அந்த வருடம், முப்பத்தாறு வயதில் நான் வேலை பார்த்தபடியே வெளிவாரிப் பட்டப்படிப்பில் பொருளியல் படித்துக்கொண்டிருந்தேன். கஹவத்தைக்குப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில், கொழுந்தெடுக்கும் தாய்மாரின் கைக்குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் பிள்ளைக்காம்பராவில் எனக்கு வேலை. கணவர் த்ரீவீல் ஆட்டோ ஓட்டுபவர்; பெட்ரோல் இல்லாததால் பெரும்பாலும் வீட்டில்தான் இருந்தார்.

ஒப்படைக்கு, அதாவது எழுதிக் கொடுக்க வேண்டிய பாடவேலைக்கு, ஒரு கேள்வி வந்தது. நாட்டில் இருப்பது வெறும் விலையேற்றமா, இல்லை, விலை ஏறும்போதே உற்பத்தியும் வேலையும் படுத்துவிடும் தேக்கப் பணவீக்கமா? உங்கள் ஊரைப் பார்த்து எழுதுங்கள்.

“இதுக்கு ஒரு படிப்பா? கடைக்குப் போனாலே தெரியுதே,” என்று சிரித்தார் கணவர்.

நானும் அப்படித்தான் நினைத்தேன். விலைகளைக் குறித்து வந்தால் போதும் என்று டவுனுக்கு பஸ் ஏறினேன். முதலில் நுழைந்தது, பாண் என்று நாங்கள் சொல்லும் ரொட்டி சுடும் பேக்கரியில். அதன் முதலாளியை ஊரே நானா என்றுதான் கூப்பிடும்.

“பாண் வெல ஏன் நானா இப்பிடி ஏறுது? ஆளுங்க நெறைய வாங்குறாங்களா?”

“எங்க வாங்குறாங்க தங்கச்சி? முந்தி விடியக்கால ரெண்டு வாட்டி அடுப்பு போட்டோம். இப்ப ஒரு வாட்டிதான், அதுவும் மிஞ்சுது. மாவு வெல ஏறினா நான் என்ன செய்ய? வேல செஞ்ச ரெண்டு பேரையும் ஊருக்கு அனுப்பிட்டேன்.”

எழுதிக்கொண்டிருந்த கை நின்றது. ஆட்கள் போட்டி போட்டு வாங்குவதால் விலை ஏறியிருந்தால் அவர் மூன்று தடவை சுட்டிருப்பார். இங்கே விலை மேலே போகிறது, அடுப்பு அணைகிறது. விலைப்பட்டியல் மட்டும் போதாது என்று, போன இடமெல்லாம் இன்னொரு கேள்வியும் கேட்டேன்: “வேல எப்பிடி?”

தோட்டத்தில் கொழுந்தெடுக்கும் என் அண்ணி, “ஒரமே போடல, கொழுந்து எங்கருந்து வரும்? வாரத்துக்கு மூணு நாள்தான் வேல குடுக்குறாங்க. இத எழுதினா உனக்கு பட்டம் குடுப்பாங்களாடி?” என்றாள்.

இரத்தினபுரியில் வகுப்புக்கு முன் நின்று, எழுதியதை வாசித்தேன். விரிவுரையாளர் அம்மா குறுக்கிட்டார்.

“ஒரு பேக்கரியையும் ஒரு தோட்டத்தையும் வச்சு நாட்டையே சொல்லிடலாமா?”

“முடியாதுங்க மேடம். எங்க ஊர்ல ரெண்டும் ஒண்ணா நடக்குதுன்னு மட்டும்தான் சொல்லலாம். நாட்டுக்குச் சொல்லணும்னா மொத்த உற்பத்தியையும் வேலை இல்லாதவங்க தொகையையும் பல மாசத்துக்குப் பாக்கணும். பெட்ரோல் வந்ததும் சரியாயிடுச்சுன்னா, அது வேற கதைங்க.”

அவர் தலையசைத்தார். “சரி, உங்க ஊர்ல எதுவுமே வளரலையா?”

“வளந்திச்சுங்க மேடம். எங்க த்ரீவீல் பின் சீட்டுல ஒம்பது கோழிக்குஞ்சு.”

வகுப்பு முழுவதும் சிரித்தது. ஒப்படைக்கு நல்ல புள்ளியும் கிடைத்தது.

அது வேடிக்கைக்காகச் சொன்னதல்ல. ஓடாமல் நின்ற வண்டியில் எங்கள் கோழி அடை உட்கார்ந்துவிட்டது. எங்களுக்குப் பெட்ரோல் முறை வந்த காலையில் அது இறங்க மறுத்துக் கணவரின் கையைக் கொத்தியது. அவர் கையை உதறிக்கொண்டார். பிறகு கோழியோடு சீட்டையே கழற்றி வீட்டுக்குள் வைத்துவிட்டு, பின்னால் வெறும் தகரத்தோடு வரிசைக்குப் போனார்.

“ஹயர் போக ஆள் வந்தா என்ன செய்வீங்க?” என்று கத்தினேன்.

“நின்னுக்கிட்டே வரட்டும்!” என்றார்.