ஹேமர் அமலியும் நானும்

முதலில் காற்றை அறுக்கிற சத்தம்தான் வரும். வ்வூம்… வ்வூம்… வ்வூம்…

பிறகு ஒரு நொடி எதுவும் கேட்காது. அப்புறம் தூரத்தில் செம்மண்ணில் 'தொம்' என்று விழும். நிற்கிற இடத்தில் என் பாதத்துக்கே அந்த அதிர்வு தெரியும்.

புதுக்கோட்டையில் நாங்கள் பி.எஸ்சி. படித்த கல்லூரியின் மைதானம் அது. ஹேமரை எறிந்தவள் அமலி, ஆவூர்க்காரி, என் ஹாஸ்டல் ரூம்மேட். நான் பொன்னமராவதி. எனக்கு விளையாட்டு சுத்தமாக வராது. அதனால் எனக்கு ஒரே வேலைதான்… குண்டு விழுந்த குழியில், தூரம் அளக்கிற டேப்பின் நுனியைப் பிடிப்பது.

ஹேமர் த்ரோ பார்க்காதவர்களுக்காகச் சொல்கிறேன். நாலு கிலோ இரும்புக் குண்டு, அதில் ஒரு நீளக் கம்பி, கம்பியின் முனையில் கைப்பிடி. ஏழடி வட்டத்துக்குள் நின்று, உடம்போடு சேர்த்து நாலு சுற்றுச் சுற்றி விட வேண்டும். கால் வட்டத்தைத் தாண்டினால் ஃபவுல். அமலி சுற்றும்போது முகமே தெரியாது. பின்னல் மட்டும் கிடையாகப் பறக்கும்.

இரண்டாம் வருஷம்… மாநிலப் போட்டிக்குப் பத்து நாள் இருந்தது.

மூன்றாவது சுற்றில் கம்பி அறுந்துவிட்டது. அமலி பின்பக்கமாக விழுந்தாள். எங்கள் மைதானத்தில் அப்போது வலைக்கூண்டு கிடையாது. குண்டு நேராக என் பக்கம் வந்தது. நகர வேண்டும் என்றுகூட எனக்குத் தோன்றவில்லை. ஒரு கை தூரத்தில் விழுந்து, மண் முகமெல்லாம் அடித்தது.

ஓடிவந்து என் தலை, கை, கால் எல்லாம் தடவிப் பார்த்தாள்.

"ஒனக்கு ஒண்ணும் ஆகலைல்லடி? பேசுடி!"

நான் வாயிலிருந்த மண்ணைத் துப்பினேன். அவள்தான் அழுதாள்.

மறுநாளிலிருந்து அவள் மைதானத்துக்கு வரவில்லை. புதுக் கம்பி மாட்டியாயிற்று. பி.டி. மேடம் கூப்பிட்டுப் பார்த்தார். "நான் வட்டு எறியிறேன் மேடம். இது வேணாங்க" என்றுவிட்டாள்.

மூன்று நாள் பொறுத்தேன். நாலாம் நாள் காலையில் நானே டேப்பை எடுத்துக்கொண்டு போய் மைதானத்தில் நின்றேன். என்னைத் தேடிக்கொண்டு வந்தாள்.

"அங்கிட்டுப் போடி! பைத்தியமா நீ?"

"நீ எறி. இந்தத் தடவ ஓடிருவேன்."

ஹேமரை எடுத்தாள், கீழே வைத்தாள். மறுபடி எடுத்தாள், வைத்தாள். மூன்றாவது தடவை சுற்றினாள்.

குண்டு போய்க்கொண்டே இருந்தது… எங்கள் டேப் அந்தக் குழிவரை எட்டவில்லை. குச்சி ஊன்றி மிச்சத்தைத் தனியாக அளந்தோம். மேடம் தானே வந்து இன்னொரு தடவை அளந்தார். விசிலை வாயில் வைத்தபடியே நின்றார்.

அப்புறம் மாநிலம், தேசியம், ரயில்வேயில் வேலை… ஒருநாள் இந்தியா என்று எழுதிய சட்டையில் அவள் போட்டோ என் வாட்ஸ்அப்புக்கு வந்தது.

அவளுடைய முதல் ஆசியப் போட்டியை நான் வேலை பார்க்கும் பள்ளியின் ஸ்டாஃப் ரூமில், செல்போனில் பார்த்தேன். முதல் எறி ஃபவுல். இரண்டாவதும் ஃபவுல். மூன்று எறி முடிந்ததும் முதல் எட்டுப் பேருக்குத்தான் இன்னும் மூன்று எறி கிடைக்கும்; மூன்றாவதும் போனால் ஊருக்குத் திரும்ப வேண்டியதுதான். அமலி வட்டத்துக்குள் வந்தாள். மூன்றே சுற்றில் விட்டுவிட்டாள்! தூரம் குறைவு. ஆனாலும் கணக்கில் வந்தது. எட்டாவது ஆளாக ஒட்டிக்கொண்டு அடுத்த மூன்று எறிகளுக்குள் நுழைந்தாள்.

அதற்குப் பிறகு முழுசாக நாலு சுற்று. கடைசி எறியில் வெண்கலம். நான் போட்ட சத்தத்தில் தலைமையாசிரியரே ஓடிவந்துவிட்டார்.

அன்று போனில் கேட்டேன். "ஏன்டி மூணு சுத்தோட விட்ட?"

"காலு நடுங்குச்சுடி. வெளிய போயிட்டா மிச்ச மூணு எறிய யாரு குடுப்பா?"

அந்த நிலைமையில் அப்படி யோசிக்க ஒருத்தியால் முடியுமா? இன்றுவரை எனக்கு ஆச்சரியம் தீரவில்லை.

பிறகு எத்தனையோ நாடுகள். நடுவில் முழங்கால் ஆபரேஷன். மகள் பிறந்தபின் எல்லாரும் முடிந்தது என்றார்கள். திரும்பி வந்து இன்னும் நாலு வருஷம் எறிந்தாள். போன வருஷம்தான் நிறுத்தினாள்.

கல்லூரி நாட்களில் அவள் சுற்ற ஆரம்பித்தால், பக்கத்தில் கிரிக்கெட் ஆடுகிறவர்கள் மட்டையை இறக்கிவிட்டுப் பார்ப்பார்கள். போன மாதம் என்னைப் பார்க்க வந்திருந்தாள். இரண்டு பேரும் டவுன் பஸ்ஸில் நின்றுகொண்டே போனோம். நல்ல கூட்டம்.

"அக்கா, கொஞ்சம் உள்ள தள்ளி நில்லுங்க" என்றார் கண்டக்டர்.

"சரிங்க" என்று நகர்ந்தாள். ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. இவள் யார் தெரியுமா என்று பஸ்ஸை நிறுத்திச் சொல்ல வேண்டும் போலிருந்தது எனக்கு. அவளோ, என் மகன் பிளஸ் ஒன்னில் என்ன குரூப் எடுத்திருக்கிறான் என்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

திடீரென்று டிரைவர் பிரேக் போட்டார். பஸ்ஸே முன்னால் சரிந்தது. நான் இரண்டு பேர் மேல் விழுந்தேன்.

அமலி மட்டும் அசையவில்லை.